ழ எங்கேடா இருக்கு?

உங்கள் கட்டைவிரலுக்கு ஒரு காலத்தில் கண் இருந்தது. சத்தியமாக! சந்தேகம் இருந்தால் 2010 வாக்கில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். மேஜைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, மேலே முதலாளி முகத்தை பக்தியோடு பார்த்துக்கொண்டு, ‘மாப்ள, பெருசு இன்னிக்கி விடாது போல, செகண்ட் ஷோ போவோம்’ என்று ஓர் எழுத்துப் பிசகாமல் எஸ்.எம்.எஸ். அனுப்புவோம். இன்றைக்கு இருக்கிற கண்ணாடி போனில் அதைச் செய்து பாருங்கள். நேராக முதலாளிக்கே போய்ச் சேரும்.

அந்த வித்தைக்கெல்லாம் காரணம் பட்டன். போன் முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, டைப்ரைட்டரைத் துவைத்துச் சுருங்க வைத்த மாதிரி, ஏ முதல் இசட் வரை குட்டிக் குட்டி பட்டன்கள்.

போன வாரம் பொங்கல் பானையைத் தேடிப் பரணில் ஏறினேன். பானைக்குள் அப்படி ஒரு போன் கிடந்தது. என்னுடையதுதான். பானையை மறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து வீட்டுக்காரி, “என்னங்க, பரணிலேயே குடித்தனம் பண்றதா உத்தேசமா?” என்று கேட்கிற வரைக்கும்.

*

பி.காம். முடித்த கையோடு, 2010-ல் மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். டாலியில் என்ட்ரி போடுகிற வேலை. சம்பளம்... வேண்டாம், விடுங்கள். ஆடிட்டர் ஸாரிடம் ஒரு பிளாக்பெர்ரி இருந்தது. புதுசாக மெயில் வந்தால் அதன் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். அதைப் பார்த்துவிட்டால் ஸாருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற கட்சிக்காரர் கண்ணில் படமாட்டார். இரண்டு கட்டைவிரலும் போட்டி போட்டுக்கொண்டு பாயும். பார்க்கிற எனக்கு வாயில் ஜிகர்தண்டா ஊறும்.

இந்த வம்சத்தில் மூத்தவர்களில் ஒருத்தர் 1996-ல் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர். மூடினால் போன், ஜாமெட்ரி பாக்ஸ் மாதிரி திறந்தால் உள்ளே கீபோர்டு. எடை 397 கிராம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகச் சாமி கும்பிடும். 1999-ல் கனடாக்காரர்கள் பிளாக்பெர்ரி 850 என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதில் பேச முடியாது, மெயில் மட்டும்தான். சுவர்க் கடிகாரம் மாதிரி ஒற்றை பேட்டரியில் ஓடும். ஆனால், அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. டைப்ரைட்டர் எழுத்து வரிசை 1870-களில் அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் மேஜை மேல் வைத்து அடிப்பதற்காக அமைத்தது. அதே வரிசையை உள்ளங்கைக்குச் சுருக்கும்போது, ‘இது இனிமேல் ரெண்டே ரெண்டு கட்டைவிரலுக்கு’ என்று தீர்மானம் பண்ணி பட்டன்களைச் செய்தார்கள்.

பின்னால் வந்த நல்ல போன்களில் பட்டன் தட்டையாக இருக்காது. ஒரு பக்கம் சரிந்து, ஒரு பக்கம் மேடிட்டிருக்கும். பக்கத்துப் பட்டன் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தானாகத் தெரியும், இருட்டில் வரப்பு தெரிகிற மாதிரி. பிளாக்பெர்ரியில் ஸ்பேஸை இரண்டு தரம் தட்டினால் முற்றுப்புள்ளி விழும். எழுத்தை அழுத்திப் பிடித்தால் பெரிய எழுத்தாகிவிடும். நம்பருக்குத் தனி வரிசை கிடையாது. எழுத்துக்களோடு ஒண்டுக் குடித்தனம். பிளாக்பெர்ரியில் நம்பர்கள் இடது பக்கம், நோக்கியா ஈ71-ல் நடுவில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் ஒரு மாசத்துக்கு எல்லோருக்கும் ராங் நம்பர்தான்.

சாதா போனோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை புரியும். ‘சரி’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதா போனில் எஸ்ஸுக்கு ஏழாம் நம்பரை நாலு தடவை, ஏவுக்கு ஒன்று, ஆருக்கு மூன்று, ஐக்கு மூன்று. ஆக மொத்தம் பதினோரு தட்டு! கீபோர்டு போனில் நாலே தட்டு. ஒரு நாளைக்கு நூறு தடவை ‘சரி ஸார்’ சொல்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய சேமிப்பு! நான் காமர்ஸ் மாணவன். கணக்குப் போட்டேன். வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

*

புதுசு வாங்க வசதியில்லை. டவுன்ஹால் ரோட்டில் அலைந்து செகண்ட் ஹேண்டில் ஒன்றைப் பிடித்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. “துபாய் பீஸ்ணே, கீறல் கிடையாது” என்றான் கடைப் பையன். துபாய் பீஸ்தான், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு பட்டனிலும் இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் அரபி எழுத்து. முதல் நாள் ஆபீஸில், “என்னப்பா, துபாய்க்கு அப்ளிகேஷன் போட்டுட்டியா?” என்று விசாரித்தார் ஆடிட்டர். குரலில் நிம்மதி மாதிரி ஏதோ தெரிந்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமங்கலத்தில் முப்பது வருஷம் பத்திரம் டைப் அடித்தவர். தமிழ் டைப்ரைட்டர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர்.முத்தையா 1930-களில் தமிழுக்கு டைப்ரைட்டர் கீபோர்டு அமைத்தார் இல்லையா, அந்தப் பரம்பரை. வெற்றிலையை மென்றுகொண்டு, பார்ட்டியிடம் பேசிக்கொண்டு, தாளைப் பார்க்காமலேயே கிழக்கு மேற்கு எல்லைகளை அடித்துத் தள்ளுவார். எனக்குக் கட்டைவிரலில் கண் என்றால், அவருக்குப் பத்து விரலிலும். ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் முக்கால் ஏக்கர் மல்லிகையும் ஒரு கிணறும்.

போனை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

“இதுல தமிழ் எங்கடா?”

“அதெல்லாம் இல்லப்பா. இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிக்கணும்.”

“அப்ப ழ எங்கேடா இருக்கு?”

“இசட், ஹெச். ரெண்டையும் சேர்த்து அடிச்சா ழ.”

“ஒத்த எழுத்துக்கு ரெண்டு எழுத்தா? நீ அப்படித்தான் அடிக்கிறியா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லப்பா. சும்மா எல் போட்டுருவேன். படிக்கிறவய்ங்க புரிஞ்சுக்கிருவாய்ங்க.”

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். “பத்திரத்துல ஒரு எழுத்து மாறினா, வரப்பு மாறிப் போகும்டா” என்றார். நான் அதை வயசானவர் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் பின்பக்கம் டார்ச் எரியும். 2012 வந்தது. மின்வெட்டு எப்படி இருந்தது என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. நடுராத்திரி வந்தால் நடுராத்திரி போய் மோட்டார் போட வேண்டும். “அந்தத் துபாய் டார்ச்சைக் கொஞ்ச நாளைக்கிக் குடுத்துட்டுப் போடா” என்றார் அப்பா. கொடுத்தேன். பழைய சாதா போனை நான் எடுத்துக்கொண்டேன். மறுபடியும் ‘சரி’க்குப் பதினோரு தட்டு.

*

அந்த அக்டோபரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வரன். ஞாயிற்றுக்கிழமை நேராக அங்கே வந்துவிடு என்று உத்தரவு. வெள்ளிக்கிழமையே தங்கச்சிக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன், ‘ஊருக்குள் எப்படிப் போவது, அப்பாவிடம் வழி கேட்டு அனுப்பு’ என்று. வழக்கம் போல ழவுக்கு எல்தான்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டாக் கடையில் உட்காருகிறேன். போன் முனகியது. தங்கச்சியிடமிருந்து மெசேஜ். இங்கிலீஷ் எழுத்தில் மூன்றே வார்த்தை. அதைத் தமிழில் நான் இப்படிப் படித்தேன்:

‘அப்பா வழி சொல்றார்.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா வழி சொல்ல ஆரம்பித்தால் லேசில் முடியாது. ‘விலக்குல இறங்கு. ஒரு புளியமரம் வரும். அது இல்ல. அடுத்த புளியமரம்’ என்று ஒரு மணி நேரம் போகும். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று முட்டை புரோட்டா சொன்னேன். சால்னா நன்றாக இருந்தது. இன்னொன்று சொன்னேன்.

முக்கால் மணி கழித்துக் கூப்பிட்டால் லைன் போகவில்லை. ஊரில் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லாததால் டவரும் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. கால் போகாது, எஸ்.எம்.எஸ். மட்டும் தட்டுத் தடுமாறி வந்து சேரும். வந்தது, இரண்டாவது மெசேஜ். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், ஏன் பதிலே இல்லை என்று.

அப்புறம்தான் முதல் மெசேஜை மறுபடி பார்த்தேன். எல். வெறும் எல்.

அப்பா வலி சொல்றார்.

மோட்டார் போடப் போனவர் வியர்த்துக்கொண்டு திரும்பி வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் மட்டும். வேன் வைத்திருக்கிற என் சிநேகிதன் நம்பர் என்னிடம்தான் இருக்கிறது. நான் உடனே பதில் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வண்டி வாசலுக்கு வந்திருக்கும். நானோ, இரண்டாவது புரோட்டாவுக்கு வெங்காயம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், பக்கத்து வீட்டு மாமாதான் எங்கிருந்தோ ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏற்றியிருக்கிறார்.

மாட்டுத்தாவணிப் பக்கம் போகும் ரோடு அன்றைக்கு அவ்வளவு நீளமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தங்கச்சி அழுதுகொண்டே சண்டைக்கு வந்தாள். “வலின்னு தெளிவாத்தானே அனுப்பினேன்?” அவள் மேல் தப்பே இல்லை. சரியான எழுத்தைத்தான் அடித்திருந்தாள். இரண்டு வருஷமாக எல்லா ழவையும் எல்லாக்கி அனுப்பி, அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்த வரப்பை அழித்தது நான்.

“ஹார்ட் அட்டாக். சின்னதுதான். இதுக்கு மேல லேட் பண்ணாமக் கொண்டாந்தீங்களே” என்றார் டாக்டர். அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்குச் சால்னா நெஞ்சுக்கு ஏறியது.

*

அப்பா நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். ராத்திரியெல்லாம் நான் பெஞ்சில். தூக்கம் வராத நேரத்தில் போன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கேட்ட கேள்வி சும்மா விடவில்லை. நிஜமாகவே ழ எங்கே இருக்கிறது?

தமிழுக்கு 247 எழுத்து, அதனால்தான் சின்னக் கீபோர்டில் அடைக்க முடியவில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கிடையாது. உயிர் 12, மெய் 18, ஒரு புள்ளி. மொத்தம் 31 பட்டன் போதும். மற்றதெல்லாம் இவற்றைக் கூட்டினால் வந்துவிடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, இப்படித்தான் ‘தமிழ் 99’ கீபோர்டை அமைத்தார்கள். அதே வருஷம் தமிழக அரசும் அங்கீகாரம் கொடுத்தது. இடது கைப் பக்கம் உயிர், வலது கைப் பக்கம் மெய். க, இ என்று தட்டினால் ‘கி’. ம-வை இரண்டு தரம் தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். ‘சரி’ என்று அடிக்க ச, ர, இ... மூன்றே தட்டு! சாதா போனில் பதினொன்று, கீபோர்டு போனில் நாலு, தமிழில் மூன்று. எது சுருக்கம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் என்ன சிக்கல்? அதே கணக்குதான். தமிழுக்கு வேண்டியது 31. இங்கிலீஷுக்கு 26. கம்ப்யூட்டர் கீபோர்டில் எழுத்துக்களுக்குப் பக்கத்தில் கமா, அடைப்புக்குறி, சாய்கோடு என்று உபரி பட்டன்கள் இருக்கின்றன. பாக்கி ஐந்து பேரை அங்கே உட்கார வைத்தார்கள். அந்த ஐவர்: ச, ஞ, ந, ய, ழ. போனைச் சுருக்கும்போது கம்பெனிகள் முதலில் கை வைத்தது இந்த உபரி பட்டன்களில். அநேகமாக எல்லாக் குறியீடுகளையும் வேறு எழுத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள். இன்னொரு பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் வரும்.

அந்த 26 பட்டனிலும் தமிழ் 99-ஐ அப்படியே ஒட்டி, ‘தமிழ்நாடு’ என்று அடிக்கப் பாருங்கள். ழவும் நவும் கிடையாது. ‘தமி’ வரும். கடைசியில் ‘ஆடு’ வரும். சோழவந்தானுக்கு ‘ஓவதான்’ மிஞ்சும்!

யாரும் தமிழுக்கு எதிராகச் சதி பண்ணவில்லை. பட்டனை ப்ளாஸ்டிக்கில் வார்த்தாகிவிட்டது. வார்த்தவர்கள் 26 என்று எண்ணி வார்த்தார்கள். அவ்வளவுதான். சும்மா இருக்காமல் வழி தேடியவர்களும் இருந்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த ‘செல்லினம்’, 2005 பொங்கல் சமயத்திலேயே சிங்கப்பூரில் போனில் தமிழ் எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பிக் காட்டியது. ஆனால், அனுப்புகிறவரிடம் மட்டும் தமிழ் இருந்தால் போதாதே. வாங்குகிற போனில் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும், ஜாதகம் மாதிரி. போதாக்குறைக்கு, ஓர் எஸ்.எம்.எஸ்.ஸில் இங்கிலீஷ் எழுத்து 160 போகும். தமிழ் என்றால் 70-தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனி டிக்கெட். ‘மதுரை’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் ஐந்து. என்னைப் போன்ற கஞ்சப் பயல்கள் இங்கிலீஷ் எழுத்துக்குப் போனதில் ஆச்சரியம் என்ன?

*

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை அறிமுகப்படுத்தும்போது, நாலு கீபோர்டு போன்களின் படத்தைத் திரையில் போட்டுக் குறை சொன்னார். பிளாக்பெர்ரி, நோக்கியா, பாம், மோட்டரோலா. அவர் வாதம் இதுதான்: ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு விதமான பட்டன் வேண்டும். ப்ளாஸ்டிக்கில் பதித்த பிறகு மாற்ற முடியுமா? அவர் மனசில் இருந்தது கால்குலேட்டர், மெயில் போன்ற வேலைகள். தமிழ்ப் பத்திரம் டைப் அடிக்கிற திருமங்கலத்துக்காரரை அவருக்குத் தெரியாது. ஆனால், அந்த வாதம் என் அப்பாவுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாடியில் பட்டன் என்பது வெறும் படம். 26 வேண்டுமா, 31 வேண்டுமா, வரைந்துகொள்ளலாம். 2013-ல் ஆப்பிளே தன் போனில் தமிழ்க் கீபோர்டைச் சேர்த்தது. ஆண்ட்ராய்டிலும் வரிசையாக வந்துவிட்டன.

கீபோர்டு போன்கள் போய்விட்டன. பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-ம் தேதி நின்றது. ஆடிட்டர் ஸாரின் போன் இப்போது பில்கள் பறக்காமல் இருக்க மேலே வைக்கிற வெயிட். சிவப்பு விளக்கு எரிவதில்லை. கட்சிக்காரர்கள் முகத்தைப் பார்த்து ஸார் பேசுகிறார்.

எனக்கு இன்னமும் அந்தப் பட்டன்கள் மேல் ஆசைதான். பரணில் உட்கார்ந்து அதைத் தடவினபோது கட்டைவிரல் தானாக ஸ்பேஸைத் தேடிப் பிடித்து அழுத்தியது. டார்ச் எரியவில்லை. பேட்டரி செத்து எத்தனை வருஷமோ! பார்க்காமல் அடிக்கிற சுகத்தை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக ழவைக் கொடுத்திருக்கிறார்கள். லாப நஷ்டக் கணக்குப் போட்டால், எனக்கு லாபம்தான்.

அப்பாவுக்குச் சில வருஷம் முன்னால் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தேன். தமிழ்க் கீபோர்டைப் போட்டுக் காட்டியதும், அவர் முதலில் தேடினது என்ன எழுத்து என்று உங்களுக்கே தெரியும். டைப்ரைட்டர் பழக்கத்தில் கண்ணாடியை ஓங்கிக் குத்துகிறார். “டக்குன்னு ஒரு சத்தம் இல்லையேடா, விழுந்துச்சா விழலையான்னே தெரியலையே” என்று குறை வேறு. இருந்தாலும் விடுவதில்லை. காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு மெசேஜ், பத்திர நடையில்.

(அந்த உசிலம்பட்டி வரன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு மாசம் தள்ளிப் பார்க்கப் போனோம். வழியை அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். இரண்டாவது புளியமரம்தான். பரணுக்குக் கீழே நின்று அதட்டியது அவர்கள் வீட்டுப் பெண்தான்.)

பானையோடு ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் அப்பாவிடமிருந்து வந்த மெசேஜ் இது:

‘எனக்கு வலி ஏதும் இல்லை. வரும் வழியில் வாழைப்பழம் வாங்கி வரவும்.’

நாலு ல, மூன்று ழ. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. திருமங்கலத்தில் இறங்கி ஒரு சீப்புக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு போனேன்.